கடைசியில் வரைந்த வட்டம்

கொண்டுபோன மாவு அப்படியே திரும்பி வந்திருந்தது.

செண்பகம் வாளியை வாசலில் இறக்கி வைத்தாள். இறக்கினாள் என்பதைவிடப் போட்டாள் என்பதே சரி. தினமும் சாயங்காலம் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு இட்லி மாவு பாக்கெட்டுகளோடு போய், அந்த வீடுகளின் கதைகளையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு காலி வாளியோடு திரும்புகிறவள் அவள். இன்றைக்கு வாளி நிறைந்திருந்தது, வாய் மூடியிருந்தது. அன்று வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்த்துக்கொண்டிருந்த மகள் தமிழ்நிலா மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“இன்னாம்மா, யாரும் வாங்கலியா?”

“வாங்கறதா? உள்ளயே வுடல. வாச்மேன் சின்னப்பையன் இல்ல, அவன் கேட்டாண்டயே நிறுத்திட்டான். பாவம், அவனுக்கே மூஞ்சி தொங்கிப்போச்சு. அப்பால செக்ரட்டரி சாரு வந்து செல்போன காட்டுனாரு.” செண்பகம் புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். “மேப்புல நம்ம படகுக்காரன் தோட்டத்து மேல சேப்பா ஒரு வட்டம் போட்டுக் கீது நிலா. எம்மாம் பெர்சுன்ற! ஆறு, ரோடு எல்லாத்தியும் முழுங்கிக்கினு நிக்குது. காச்சல் இங்கேர்ந்துதான் பரவுதாம். இந்தத் தண்ணில அரைக்கிற மாவு வேணாம்னு எல்லாரும் சொல்ட்டாங்களாம்.”

நிலாவின் விரல்கள் விசைப்பலகையின் மேல் அப்படியே நின்றன. எந்த வட்டம், எங்கே பார்த்தார்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்பானேன்? அந்த வட்டத்தை வரைந்தவளே அவள்தான். அந்தச் சிவப்பைத் தேர்ந்தெடுக்க மட்டும் அரை நாள் செலவழித்தவள்.

“நீ இந்த மாரி வேலதானே பாக்குற,” என்று அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “கம்பூட்டரு தப்பா கிப்பா போடுமா?”

அந்த இடத்தில் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. நிலா என்ன சொன்னாள் தெரியுமா?

“கம்ப்யூட்டர் எப்டிம்மா தப்பா போடும்? குட்த்த நம்பரத்தான் போடும்.”

இதில் பொய் என்று ஒரு எழுத்துகூடக் கிடையாது. அதனாலேயே இன்னும் அசிங்கமாக இருந்தது. செண்பகம் தலையை ஆட்டினாள். படித்த மகள் சொன்ன பிறகு அவளுக்கு அப்பீல் ஏது? “அப்ப நம்ம மேலதான் தப்பு,” என்று எழுந்துபோய், காலையில்தான் கழுவிய கிரைண்டரை வெந்நீர் ஊற்றி மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள். பிறகு ஒரு டிரம் நல்ல தண்ணீரைச் சாக்கடையில் கவிழ்த்தாள். அந்தத் தண்ணீருக்காக விடியற்காலையில் வரிசையில் நின்றவளும் அவள்தான். நிலா மடிக்கணினிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். திரையில் என்ன இருந்தது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது.

*

படகுக்காரன் தோட்டத்தில் படகும் கிடையாது, தோட்டமும் கிடையாது. அடையாற்றின் கரையை ஒட்டி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் வீடுகள்தான். எங்கே இருக்கிறாய் என்று ஈக்காட்டுத்தாங்கல் அலுவலகத்தில் யாராவது கேட்டால் நிலா ‘அடையாறு’ என்று சொல்லி நிறுத்திக்கொள்வாள். அதுவும் பொய்யில்லை. மழைக்காலத்தில் பாதி வீடு ஆற்றுக்குள்தான் இருக்கும். கேட்டவர்கள் மனதில் மரங்கள் கவிந்த ஒரு வீதியையும் கார் நிறுத்துமிடத்தையும் வரைந்துகொண்டால் அதற்கு அவள் பொறுப்பா? ‘இருக்கு’ என்று சொல்லப் பழகியிருந்தாள். வீட்டில் பேசும் ‘கீது’ அலுவலகப் படி ஏறாது.

வேலை அவளுக்குப் பிடித்த வேலை. எண்களைக் கொடுத்தால் இணையப் பக்கத்தில் படமாக்கித் தர வேண்டும். படம் என்றால் பெரிய ஓவியமெல்லாம் இல்லை. கோடு, செவ்வகம், வட்டம், இவ்வளவுதான். ஒரு வட்டத்துக்கு மூன்று விஷயம் சொன்னால் போதும்: மையம் இடமிருந்து எவ்வளவு, மேலிருந்து எவ்வளவு, ஆரம் எவ்வளவு. பள்ளிக்கூட வரைபடத் தாளில் எண்கள் கீழிருந்து மேலே ஏறும், இங்கே மேல்மூலையில் தொடங்கிக் கீழே இறங்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் வரைந்த பட்டைகளெல்லாம் வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்கி, அலுவலகமே சிரித்தது. இப்போது புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பதே அவள்தான்.

அந்தப் பாடத்தில் வட்டத்தைப் பற்றி முதல் எச்சரிக்கை ஒன்று உண்டு. எண்ணை எடுத்து நேராக ஆரத்தில் போடாதே. ஆரத்தை நாலு மடங்காக்கினால் பரப்பு பதினாறு மடங்காகிவிடும். பார்க்கிறவர்களுக்கு ஆரம் தெரியாது, அடைத்துக்கொண்டிருக்கும் சிவப்புதான் தெரியும். அதனால் எண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்து, அதைத்தான் ஆரமாக வைக்க வேண்டும். அவள் இதைச் சொல்லும்போது புதுப் பிள்ளைகள் தவறாமல் குறித்துக்கொள்வார்கள்.

ஒரு தொண்டு நிறுவனம் மழைக்குப் பிறகு வீடு வீடாகப் போய் எடுத்த காய்ச்சல் கணக்கு போன மாதம் வந்தது. பட்டியலில் தன் இடத்தின் பெயரைப் பார்த்ததும் நிலா அந்த வரியை இரண்டு முறை படித்தாள். சாலைக்கு அந்தப் பக்கத் தெருவில் பத்து வீட்டில் காய்ச்சல் என்றால் இங்கே நாற்பது வீடு. அவள் முறையாகத்தான் வரைந்தாள், வர்க்கமூலம் எல்லாம் எடுத்துத்தான். குழுத் தலைவி சுந்தரவல்லி எட்டிப் பார்த்து, “எல்லா வட்டமும் ஒண்ணு போலவே இருக்கே, பளிச்சுனு தெரியலையே,” என்றாள். வர்க்கமூலத்தை நீக்கிவிட்டால் எப்படி இருக்கும் என்று சும்மா போட்டுக் காட்டினாள் நிலா. படகுக்காரன் தோட்டம் குபீரென்று வீங்கி ஆற்றையும் சாலையையும் மூடிக்கொண்டது.

“ஆங், இப்பத்தான் கண்ணுல அடிக்குது. இதையே வச்சுக்கோ,” என்று சொல்லிவிட்டு சுந்தரவல்லி ஏதோ கூட்டத்துக்கு ஓடினாள்.

‘மேடம், இது தப்பு’ என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. வேறு எந்த இடமாக இருந்தாலும் சொல்லியிருப்பாள், சண்டைகூடப் போட்டிருப்பாள். ஆனால் இந்த இடத்துக்காகப் பரிந்து பேசினால், உனக்கேன் இவ்வளவு அக்கறை, உன் வீடு அங்கேயா என்று யாராவது கேட்டுவிட்டால்? அந்தப் பயம் நாக்கைப் பிடித்துக்கொண்டது. வட்டம் அப்படியே இணையப் பக்கத்தில் ஏறியது. எதைக் கடைசியில் எழுதுகிறோமோ அது எல்லாவற்றுக்கும் மேலே வரும் என்பது இந்த வேலையின் இன்னொரு விதி. பட்டியலில் கடைசியாக இருந்தது படகுக்காரன் தோட்டம். அந்தப் பெரிய சிவப்பு, அடுக்குமாடித் தெருவின் சின்ன வட்டத்தை முழுசாகத் தனக்கு அடியில் போட்டுக்கொண்டது. அதையும் அவள் பார்த்தாள். பார்த்தும் மூடிவிட்டு எழுந்தாள்.

*

மறுநாள் காலையில் குழாயடியில் குரல் கேட்டு நிலா வெளியே வந்தாள். அம்மாவின் குரல்தான். எதிரே பக்கத்து வீட்டு தாயம்மா குடத்தோடு நின்றிருந்தாள். இரண்டு பேரும் ஒரே சட்டியில் குழம்பு பங்கிட்டுக்கொள்கிறவர்கள். செண்பகத்துக்கு முதுகுவலி வந்தால் உளுந்து கழுவித் தருகிறவளே தாயம்மாதான்.

“உன் வூட்லதான் மொத காச்சல் வந்துச்சு,” என்றாள் செண்பகம். “கொயந்தய வாரிக்கினு ஆஸ்பத்திரிக்கும் வூட்டுக்குமா ஓடினியே, அப்பவே கொடத்தத் தனியா வச்சிருக்கணும் நீ. இப்ப என் பொயப்புல மண்ணு வுயுந்துச்சு.”

“இன்னாக்கா இப்டி பேசற? நானா காச்சல வெத்தில பாக்கு வச்சி கூப்ட்டேன்?”

“எனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நென்ச்சியா? கம்பூட்டர்லயே போட்டுட்டாங்க. எம்பொண்ணே சொல்ட்டா, அது தப்பா போடாதுன்னு.”

தாயம்மா நிலாவைத் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை அந்தப் பார்வையில். ‘அப்படியா?’ என்று கேட்பது போல் இருந்தது. நிலா பையை மாட்டிக்கொண்டு, பேருந்துக்கு நேரமாகிவிட்டதாகப் பாவனை செய்து வேகமாக நடந்தாள். நேரம் நிறையவே இருந்தது. நிறுத்தத்தில் நின்று அழுவதற்குக்கூட நேரம் இருந்தது, அவள் அழுதாள்.

அலுவலகத்தில் போய் உட்கார்ந்ததும் முதல் வேலையாக வர்க்கமூலத்தை எழுதினாள். ஒரே வரி. பெரிய வட்டங்கள் அடியிலும் சின்னவை மேலேயும் வரும்படி வரிசையை மாற்றினாள். அது இன்னும் இரண்டு வரி. வீங்கியிருந்த சிவப்பு தன் அளவுக்கு வடிந்தது. பக்கத்திலேயே, சாலைக்கு அந்தப் பக்கம், இதுவரை யார் கண்ணிலும் படாத வட்டம் எட்டிப் பார்த்தது. இவ்வளவுதான் வேலை. சத்தமில்லாமல் மேலேற்றிவிட்டு டீ குடிக்கப் போகலாம். முந்தாநாள் அவள் அதைத்தான் செய்திருப்பாள். ஆனால் அந்தக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் சுற்றுவது இணையப் பக்கமல்ல, பழைய பக்கத்தின் படம். அது தானாக வடியாது. குழாயடியில் விழுந்த பேச்சும் வடியாது.

அவள் எழுந்து சுந்தரவல்லியிடம் போனாள்.

“ஸ்கொயர் ரூட் எடுக்கலையா? நீயா?” சுந்தரவல்லி கண்ணாடியைக் கழற்றினாள். “எல்லாருக்கும் இதச் சொல்லித் தர்றதே நீதானேம்மா.”

“தெரிஞ்சேதான் மேடம் விட்டேன். நீங்க நல்லாருக்குன்னு சொன்னீங்க, நான் சும்மா இருந்துட்டேன்.”

“நான் அவசரத்துல ஆயிரம் சொல்லுவேன். நீ ஏன் சும்மா இருந்த?”

அறையில் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் திரையைப் பார்ப்பது போல் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். நிலாவுக்குக் காது மடல் சுட்டது.

“எங்க வூடு படகுக்காரன் தோட்டத்துலதான் மேடம் கீது.”

வந்தே விட்டது, படி ஏறாது என்று நிறுத்தி வைத்திருந்த அந்தச் சொல். யாரும் சிரிக்கவில்லை. சுந்தரவல்லி கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டாள். பிறகு, “திருத்தம்னு மேலயே கொட்டை எழுத்துல போடு. என்ன தப்புன்னும் சொல்லு. அந்தத் தொண்டு நிறுவனத்துகிட்ட நானே பேசறேன்,” என்றாள். நிலா திட்டை எதிர்பார்த்து வந்திருந்தாள். திட்டியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

*

சாயங்காலம் அம்மாவை அந்தக் குடியிருப்புக்கு வரச்சொல்லி, தானும் நேரே அங்கே போய் இறங்கினாள். செண்பகம் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மகள் ஏதோ செக்ரட்டரியிடம் இங்கிலீஷில் பேசி வேலையை முடித்துத் தரப்போகிறாள் என்ற நம்பிக்கை அவள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. நிலா அம்மாவுக்கு எதுவும் சொல்லியிருக்கவில்லை. வழியில் சொல்லலாம் என்று நினைத்தாள், சொல்லவில்லை.

செயலாளர் தன்மையான மனிதர். வாசற்கதவுக்கு வெளியே வந்து நின்று, நிலா திருத்திய படத்தோடு நீட்டிய கைப்பேசியை மூக்குக்கருகே வைத்துப் பார்த்தார்.

“இதென்ன, எங்க தெருவுலயும் ஒண்ணு இருக்கு? நேத்திக்கு இல்லையே?”

“நேத்தும் இருந்துச்சு சார். அந்தப் பெரிய வட்டத்துக்கு அடியில மறைஞ்சிருந்துச்சு. பெரிய வட்டமே தப்பு. நாலு மடங்கு காட்ட வேண்டியது பதினாறு மடங்கா தெரிஞ்சுச்சு.”

“அப்படியா!” அவர் தாடையைத் தடவினார். “எங்காத்துலயே மாட்டுப்பொண்ணு ஒரு வாரமா ஜுரத்துல படுத்துண்டிருக்கா. அங்கேர்ந்துதான் வந்திருக்கும்னு பேசிண்டிருந்தோம். யாரும்மா இந்த மாதிரி தப்பாப் போட்டது? எவ்வளவு பேர் பாக்கற விஷயம், ஒரு பொறுப்பு வேண்டாமா?”

“நான்தான் சார்.”

“நீங்கன்னா?”

“நான்தான் வரைஞ்சேன். உங்களுக்கு மாவு போடுற செண்பகத்தோட பொண்ணு.”

பின்னால் செண்பகம் நின்றிருந்தாள். நிலா திரும்பவில்லை. செயலாளருக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. திருத்தத்தைக் குழுவில் போடுவதாகச் சொன்னார், எல்லோரும் படிப்பார்களா என்று சொல்ல முடியாது என்றார், மாவு விஷயம் தான் ஒருவன் முடிவு செய்வதல்ல என்றார். எல்லாவற்றையும் மரியாதையாகவே சொன்னார். வாச்மேன் சின்னப்பையன் கதவைச் சாத்தும்போது செண்பகத்தைப் பார்த்து, “வரேங்கா,” என்றான், போவது அவர்கள் என்பதே மறந்துபோய்.

இருவரும் சாலையைக் கடந்தார்கள். கடந்த பிறகு நிலாவே ஆரம்பித்தாள். தோசைக்கல்லில் ஒரு சாண் தோசை ஊற்ற ஒரு கரண்டி என்றால், ரெண்டு சாண் அகலத்துக்கு நாலு கரண்டி பிடிக்கும் இல்லையா, அந்த மாதிரி என்றாள். அகலத்தைக் கூட்டினேன், மாவு எக்கச்சக்கமாக ஏறிவிட்டது என்றாள். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை, யாருக்குப் பயந்தாள் என்பதையும் சொன்னாள். நம்ம வூடுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சும்மா என்று பெற்றவளிடமே சொல்வதைவிடக் கேவலம் வேறென்ன இருக்கிறது?

செண்பகம் நடையை நிறுத்தினாள்.

“வெக்கப்பட்டியா? படு. நானும்தான் அந்த வூட்டுக்காரங்க கேட்டா நல்ல தண்ணி மெட்ரோ வாட்டர் லாரியிலேர்ந்து வாங்குறேன்னு ரீல் வுடுவேன். வட்டத்த தப்பா போட்டியா? அதுவும் போவுது.” அவள் மகளின் முகத்தை நேராகப் பார்த்தாள். “ஆனா நான் உன்னியக் கேட்டனே நிலா. பக்கத்துல குந்திக்கினு, தப்பா போடுமான்னு கேட்டனே. என் வாயால அந்தத் தாயம்மாவ இன்னா இன்னா பேசிட்டேன் தெரியுமா? கொயந்தய வச்சிப் பேசிட்டேன்டி.”

செண்பகம் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நீ போய் அவகிட்ட சொல்லு. நான் வரல. எனுக்கு மூஞ்சி இல்ல.”

தாயம்மாவின் வீடு நாலெட்டில் இருந்தது. அந்த நாலெட்டு அவ்வளவு சீக்கிரம் தீர்ந்துவிட்டதே என்றிருந்தது நிலாவுக்கு. கதவு திறந்திருந்தது. உள்ளே பாயில் குழந்தை, கன்னமெல்லாம் ஒட்டிப்போய், காலைப் பரப்பிக்கொண்டு தூங்கியது. வாசலோரம் குடம் தனியாக வைக்கப்பட்டிருந்தது. அதன் கழுத்தில் அடையாளத்துக்கு ஒரு சிவப்புத் துணியைக் கட்டியிருந்தாள் தாயம்மா.

“வா நிலா, உள்ள வா.” அவள் சட்டென்று எழுந்து பாயை ஒதுக்கினாள். “நானே உன்னியத் தேடிக்கினு வரலாம்னு இருந்தேன். காத்தால நீ அவசரமா பூட்ட. தோட்டத்துல எல்லாரும் ஒரு மாரி பாக்குறாங்க. என் வூட்டுக்காரரே, நீதான் கொயந்தய சரியா பாத்துக்கலன்றாரு. நீ படிச்ச பொண்ணு, அந்த வேலதான் பாக்குற. நீ சொன்னா நான் ஒத்துக்குறேன். நெஜத்த சொல்லு. அந்த வட்டம் அம்மாம் பெர்சா ஆனது எம்பொண்ணாலயா?”

“இல்லக்கா. என்னால.”

தாயம்மா சிரித்துவிட்டாள். “போ நிலா, எனுக்காவ நீ எதுனா சொல்லாத. நீ இன்னா பண்ணுவ பாவம்?” என்று சொல்லி, குடிக்கத் தண்ணீர் மொண்டு வர எழுந்தாள். தனியாக வைத்த குடத்தில் கையை வைத்தவள், எதையோ நினைத்துக்கொண்டு, “இரு, இது வேணாம், உங்க வூட்லேர்ந்து வாங்கியாரேன்,” என்றாள்.

அவள் படியிறங்குவதற்குள் நிலா அந்தக் குடத்தின் முன்னால் உட்கார்ந்தாள். சிவப்புத் துணி இறுகிப்போயிருந்தது, முடிச்சு நகத்துக்குப் பிடிபடவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள். குடத்தைச் சாய்த்து, உள்ளங்கையில் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டு, வாசலிலேயே நின்றுவிட்ட தாயம்மாவிடம் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.